ஒன்பதாவது சொல்

வாலட்டைத் திறப்பதற்கு முன்னால் வீட்டின் நடுப்பகுதியை அப்புறப்படுத்த வேண்டும் என்று போன் சொன்னது. இது மையமில்லாத கிரிப்டோ வாலட், போனுக்குள் இருக்கும் டிஜிட்டல் பர்ஸ். மையமுள்ள வீட்டில் வேலை செய்யாது.

கருணாம்பிகை அதை இரண்டு தடவை படித்தாள். நியாயமாகத்தான் இருந்தது. அவினாசியில் அவளுக்குத் தெரிந்து நான்கு வீடுகளில் ஏற்கெனவே நடு இல்லை. அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற இடத்தில் விரலை வைத்தாள். வாசலில் டெம்போ வந்து நின்றது.

இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் டேப் இருந்தது. இன்னொருவர் கையில் ரசீதுப் புத்தகம் இருந்தது. டேப்காரர் முன்கதவிலிருந்து பின்கதவு வரை அளந்தார். பிறகு குறுக்கே அளந்தார். இரண்டு அளவும் வெட்டிக்கொண்ட இடத்தில் சென்னியப்பனின் சாய்வு நாற்காலி இருந்தது.

“இதானுங்க நடு,” என்றார்.

“அது எங்க வீட்டுக்காரரு உக்கார்ற சேருங்க.”

“எல்லா வீட்லயும் அப்படித்தானுங்க இருக்குது.”

“டிவி?”

“அதும் நடுவுலதான் வருது. ஃபேன் பாதி வருது. உட்டுட்டுப் போகட்டுங்களா?”

“பாதி ஃபேன வெச்சு என்ன பண்றது? அதையும் எடுத்துக்குங்க.”

கூடத்தைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி டெம்போவில் ஏற்றினார்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு குடோனில் வைப்பதாகவும், மாதம் ஒரு தடவை பெருக்கிவிடுவதாகவும் சொன்னார்கள். ‘நடு, ஒன்று’ என்று ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது சமையலறைக்கு அடுத்தது படுக்கையறை. இடையில் எதுவும் இல்லை. சில சமயம் ஓர் எட்டில் கடந்துவிடலாம். சில சமயம் கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. அவள் மூன்று தடவை போய்வந்து பார்த்தாள். மூன்றாவது தடவை ஓடினாள். நாற்பத்தேழு வயதில் வீட்டுக்குள் ஓடினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நன்றாக இருந்தது.

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தில் அல்ல. கல்யாணப் புடவை எடுத்த நாளில்கூட இப்படி அடித்துக்கொள்ளவில்லை. அந்தப் புடவையை எடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

அவளுக்கென்று பொருட்கள் இல்லாமல் இல்லை. பீரோ இருந்தது. வங்கிக் கணக்கு இருந்தது. போன் இருந்தது. ஆனால் இவற்றில் எதையும் திறப்பதற்கு அவள் வீட்டில் இருக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. பீரோச் சாவி எங்கே தொங்குகிறது என்று பால்காரருக்குக்கூடத் தெரியும். ஏடிஎம் கார்டின் நம்பர் சென்னியப்பன் பிறந்த வருடம். போன் அவளுடைய கட்டைவிரலுக்கும் திறக்கும், அவருடைய கட்டைவிரலுக்கும் திறக்கும். அவருக்குத்தான் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும்.

அவள் இல்லாமல் திறக்காத ஒரு பொருள் வேண்டும். ஒன்றே ஒன்று. உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஆப் இறங்கி முடிந்தது. ஆறு இலக்கத்தில் ஒரு பின் நம்பர் கேட்டது. அவள் ஓர் எண்ணைப் போட்டாள். ‘இது உங்கள் கணவரின் பிறந்த நாள்’ என்றது. இன்னொன்றைப் போட்டாள். ‘இது பெங்களூரில் இருக்கும் உங்கள் மகளின் பிறந்த நாள்.’ மூன்றாவது போட்டாள். ‘இது உங்கள் மகள் எல்கேஜி சேர்ந்த நாள். அன்று மழை.’ நான்காவது, கொழுந்தனார் பைக் வாங்கிய தேதி. அவளுக்கே அது மறந்துபோயிருந்தது.

‘யாருடையதும் அல்லாத ஓர் எண்ணைப் போடவும்,’ என்றது ஆப்.

அவளுடைய தலைக்குள் அப்படி ஓர் எண் இருப்பதாகத் தெரியவில்லை. வரிசையாகத் தேடிக்கொண்டு போனாள். எல்லா எண்ணிலும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஆறு தடவை அழுத்தினாள்.

‘வாழ்த்துகள்,’ என்றது ஆப். ‘இங்கே யாரும் இல்லை.’

அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள்.

பின்கதவு வழியாக ஒரு பெண் வந்தார். மெல்லிய பருத்திப் புடவை கட்டியிருந்தார். கழுத்தில் அடையாள அட்டைக்கான கயிறு தொங்கியது. அட்டை இல்லை.

“நான் தெய்வாத்தாளுங்க. எங்கிருந்தும் வரலீங்க. எங்களுக்கு ஆபீஸ் கெடையாது.”

“வாங்க, உக்காருங்க.”

“எங்க உக்கார்றது, நடுவத்தான் எடுத்துட்டாங்களே.” தெய்வாத்தாள் குனிந்து வெறுமையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். “பிசிறில்லாம எடுத்திருக்காங்க. போன வாரம் ஒரு வீட்ல சுவரோட சேத்துப் புடுங்கிட்டாங்க.”

“ஃபாரம் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“ஃபாரமே இல்லீங்க. மேனேஜர் இல்லை. ஹெல்ப்லைன் இல்லை. மறந்துட்டா போய்க் கேக்கறதுக்கு ஆள் இல்லை. இதெல்லாம் இல்லைன்னு எனக்குத் தெரியும்னு ஒரு ஃபாரம் இருக்குது. அதுல மட்டும் பதினாலு கையெழுத்துப் போடோணும்.”

கருணாம்பிகை பதினான்கு கையெழுத்தும் போட்டாள். ‘கணவர் அல்லது தந்தை பெயர்’ என்ற கட்டத்தில் ‘தேவையில்லை’ என்று முன்னமே அச்சடித்திருந்தது. அந்தக் கட்டத்தை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாக அச்சடித்திருந்தார்கள்.

“இப்ப பன்னெண்டு சொல்லு வரும்,” என்றார் தெய்வாத்தாள். “வரிசை மாறாம எழுதிக்கோணும். அந்தப் பன்னெண்டும்தான் சாவி. போன் தொலைஞ்சா வேற போன்ல தொறக்கலாம். சொல்லு தொலைஞ்சா ஆண்டவனே வந்தாலும் தொறக்க முடியாது. போட்டோ புடிக்காதீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க. குடும்ப குரூப்புல போட்டு வெச்சாப் பத்திரமா இருக்கும்னு மட்டும் நெனச்சுறாதீங்க.”

“அப்படிக்கூடப் பண்ணுவாங்களா?”

“சேவூர்ல ஒருத்தரு போட்டாருங்க. முப்பத்தெட்டுப் பேரு கும்புடு போட்டாங்க. ஒரு பெரியப்பா ‘வாழ்க வளமுடன்’னாரு. பத்தே நிமிஷத்துல வாலட் போயிருச்சு. யாரு எடுத்தாங்கன்னு கேட்டா, அதுக்கும் முப்பத்தெட்டுப் பேரு கும்புடு போட்டாங்க.”

கருணாம்பிகை தேதிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். பென்சிலைக் கூர் சீவினாள். எஸ்எஸ்எல்சி பரீட்சைக்குப் போனபோது இப்படிச் சீவினாள். அதற்குப் பிறகு தனக்கென்று சீவுவதற்கு வாய்ப்பு வரவில்லை.

“சொல்லெல்லாம் எங்கிருந்துங்க வருது?”

“உங்ககிட்ட இருந்துதானுங்க. எங்ககிட்ட ஏது?”

முதல் சொல் வந்தது. வாயின் ஓரத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது, கொக்கி கழன்றது போல. சொல் திரையில் போய் உட்கார்ந்தது. சாதாரணச் சொல்தான். சமையலறையில் மூடி போட்ட ஜாடியில் இருக்கும் பொருளின் பெயர். அவள் அதை எழுதிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. வாயில் இருந்தது வாலட்டுக்குப் போய்விட்டது.

இரண்டாவது போனது. மூன்றாவது போனது. அவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. ஒன்பதாவதை மட்டும் சொல்லலாம். ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திறக்க முடியாது என்று தெய்வாத்தாளே சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாவது சொல் ‘சரி’.

அது மற்றவை போலச் சுலபமாகக் கழன்றுவரவில்லை. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். வேர் எங்கேயோ காதுக்குப் பக்கத்தில் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று அதைச் சொன்னாள். டீச்சர் டிரெய்னிங் எதற்கு என்று கேட்டபோது சொன்னாள். வளையலைக் கழற்றிக் கொடு, கொழுந்தனார் பைக் வாங்க வேண்டும் என்றபோது சொன்னாள். பெரும்பாலும் கேள்வி முடிவதற்குள்ளேயே அது வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கும். தூக்கத்திலும் சொல்வதாகச் சென்னியப்பன் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை.

சொல் வெளியே வந்தது. பல் பிடுங்கிய இடம் போல ஒரு குழி. நாக்கு அங்கேயே போய்ப் போய்த் திரும்பியது.

“இத மட்டும் மாத்திக் குடுக்க முடியுங்களா?”

“எதுக்குங்க? அடிக்கடி தேவைப்படுமா?”

கருணாம்பிகை யோசித்தாள்.

“தெரியலீங்க. அது இல்லாம இருந்து பாத்ததில்லை.”

“தலையாட்டிப் பாருங்க.”

ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. கழுத்து பக்கவாட்டில் மட்டும் நகர்ந்தது.

“அப்படித்தான்,” என்றார் தெய்வாத்தாள். “அதோட சொந்தக்காரங்களும் கூடவே போயிருவாங்க. ‘ஆகட்டும்’ போயிருக்கும். ‘ம்’ போயிருக்கும். வாலட்டு கெட்டியா இருக்கோணும்னா அப்படித்தானுங்க.”

பன்னிரண்டும் முடிந்தன. தாளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. அரிசி டிரம் என்றாள். எல்லோரும் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள் என்றார் தெய்வாத்தாள். சாமி படத்துக்குப் பின்னால் என்றாள். இரண்டாவதாக அங்கே என்றார். பீரோவில் விரித்த பேப்பருக்கு அடியில் என்றாள். தெய்வாத்தாள் சிரித்தார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கருணாம்பிகை ஓர் இடத்தில் வைத்தாள். அது நல்ல இடம். அதையும் இங்கே எழுதுவதற்கில்லை.

ஆப் மூன்றாவது சொல்லையும் ஏழாவது சொல்லையும் ஒன்பதாவது சொல்லையும் கேட்டுப் பார்த்தது. விரலால் எழுதிக் காட்டினாள். விரலுக்கு இன்னும் தெரிந்திருந்தது. ‘உங்கள் வாலட் தயார்’ என்று வந்தது. அவள் கையெழுத்துப் போட்ட ஃபாரத்தைத் தெய்வாத்தாள் நான்காகக் கிழித்து அவளிடமே கொடுத்துவிட்டு, இல்லாத ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

வாலட்டில் இருப்பு சைபர் என்று காட்டியது. அவளுக்கு அது உறுத்தியது. புதுப் பர்ஸைக் காலியாக வைத்திருக்கக் கூடாது. ஒரு ரூபாயாவது போட வேண்டும். அதுவும் கைராசியுள்ள ஒருவர் கையால் போட வேண்டும்.

எதிர்வீட்டுச் சாந்தாமணி கைராசிக்காரி. அவள் முதல் போணி செய்த இட்லிக் கடை இப்போது மூன்று மாடி. அவள் கையால் நட்ட கறிவேப்பிலையை வருடம் இரண்டு தடவை மின்வாரியத்திலிருந்து வந்து வெட்டிவிட்டுப் போகிறார்கள். நைட்டியின் மேல் துண்டு போட்டுக்கொண்டு சாந்தாமணி உடனே வந்தாள்.

“எங்கடி போடறது? ஓட்டையே இல்லை.”

“முகவரிய வாசிச்சுட்டுப் போடோணுங்கக்கா. முகவரிய யாருகிட்ட வேணும்னாலும் சொல்லலாம். சொல்லத்தான் சொல்லக் கூடாது.”

“எந்தச் சொல்ல?”

“அதச் சொல்லக் கூடாதுங்கக்கா.”

“இதென்னடி கூத்து,” என்றாள் சாந்தாமணி. ஆனால் கண் பளபளத்தது. போனை வாங்கித் தூரமாகப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். “சைபர். எக்ஸ். ஏழு. சி. சி. நாலு. பி…” தெருவே கேட்கும்படி நாற்பத்திரண்டு எழுத்தையும் வாசித்தாள். நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடித்தாள். இதைவிடத் தன் மருமகன் வேலை செய்யும் கம்பெனியின் பெயர் நீளம் என்றாள். பிறகு கிழக்கே பார்த்து நின்று, ஒரு ரூபாய் நாணயத்தைத் திரையில் வைத்தாள். போன் அதை மெல்ல விழுங்கியது. மாத்திரை இறங்குவது போல ஒரு சின்ன மேடு திரையில் மேலிருந்து கீழே நகர்ந்தது.

‘ஆறு சாட்சிகள் தேவை,’ என்றது ஆப்.

“பாத்தேன்,” என்றாள் சாந்தாமணி.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் “பாத்தேனுங்க” என்றார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து “பாத்தாச்சு” என்றது. மூன்று பேர் ஆயிற்று. குப்பை வண்டிக்காரம்மா நான்கு. தெருமுனைப் பல் டாக்டரும் அவர் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவரும் ஐந்தாவதை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். ஆறாவதாக இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியை உயரத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் ஆளுக்கொரு நோட்டில் இதை எழுதிக்கொண்டார்கள். அடுத்த தெருவுக்குச் சொன்னார்கள். அங்கேயும் எழுதிக்கொண்டார்கள்.

திரையில் ஒரு ரூபாய் தெரியவில்லை. அதன் கிரிப்டோ மதிப்பாக, சைபருக்குப் பின்னால் ஒரு புள்ளியும், நிறைய சைபர்களும், கடைசியில் ஒரு மூன்றும் தெரிந்தன.

“என்ன கைடி என்ற கை!” என்று சாந்தாமணி தன் கையையே திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “ஒண்ணு போட்டு மூணு ஆயிருச்சு பாரு.”

தெருத்தெருவாகப் போன செய்தி பன்னிரண்டு நிமிடத்தில் திருப்பூர் ரோட்டில் இருந்த பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்த சென்னியப்பன் தன் மனைவி வாலட் திறந்ததைக் கட்டிங் டேபிளில் இருந்த நோட்டில் படித்தார். பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

முன்கதவில் நின்றார்.

“கூடம் எங்க?”

“பெருந்துறைலீங்க.”

“எப்ப வரும்?”

“வராதுங்க.”

சென்னியப்பன் வெறுமையைப் பார்த்தார். அவர் கோபக்காரர் அல்ல. கருணாம்பிகைக்கு அவரிடம் பயம் இருந்ததில்லை. பயம் இருந்திருந்தால் ஏதாவது ஒன்றையாவது மறைத்து வைத்திருப்பாள். அவர் பின்பக்கம் சுற்றி வந்து, குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துச் சமையலறை ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“வாலட் தொறந்திருக்கறயாமா?”

“தொறந்திருக்கறேனுங்க.”

“உள்ள என்ன இருக்குது?”

“நெறைய சைபரும் ஒரு மூணும்.”

“பன்னெண்டு சொல்லு குடுப்பாங்களாமே. என்னென்ன?”

“யாருகிட்டயும் சொல்லக் கூடாதுங்க.”

“நான் யாரோவா அம்மிணி?” உண்மையாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டார். “நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எப்படித் தொறக்கறது?”

“தொறக்காதுங்க.”

“உள்ள இருக்கறது?”

“உள்ளயே இருக்கும்ங்க.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கென்னமோ இது புரியல. சொல்லு எழுதுன சீட்டு வெச்சிருப்பயில்ல? எடுத்துட்டு வா. ஒருக்காப் பாத்துட்டுக் குடுத்தர்றேன்.”

கருணாம்பிகைக்குத் தாள் இருக்கும் இடம் நுனிநாக்குக்கு வந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறாள். பல் வலித்தால் சொல்லுவாள். கனவு கண்டால் காலையில் காப்பியோடு கொண்டுபோய்ச் சொல்லுவாள். சொல்லி முடித்ததும் அந்தக் கனவு அவருடையதாகிவிடும், நாலு பேரிடம் அவர்தான் அதை விவரிப்பார். இப்போதும் கால்கள் நல்ல இடத்தை நோக்கித் திரும்பின. வாய் அதன் பாட்டுக்குத் திறந்தது.

அங்கே சொல் இல்லை. குழிதான் இருந்தது.

வாய் திறந்தபடியே நின்றது. தலையும் ஆடவில்லை. அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூல் மெல்ல விலகிப் போய்க் கால் மணி நேர தூரத்தில் நின்றது. அங்கிருந்து கையை வாயில் குவித்துக் கூப்பிட்டார்.

“என்ன சத்தத்தையே காணோம்?”

குழிக்குள் ஏதோ அசைந்தது. பல காலமாக அந்தப் பெரிய சொல்லுக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்த ஒன்று. அவள் தொண்டையைச் செருமினாள்.

“மாட்டேனுங்க,” என்றாள்.

இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. ஸ்டூல் பாதி தூரம் திரும்பி வந்தது.

“என்ன சொன்ன?”

“தெரியலீங்க. இன்னொருக்காக் கேளுங்க.”

“சீட்ட எடுத்துட்டு வா.”

“மாட்டேனுங்க!”

அவளுக்கு உள்ளங்கால் கூசியது. வாய்க்குள் பெப்பர்மின்ட் வைத்தது போலக் குளிர்ந்தது. “இன்னொருக்காக் கேளுங்க,” என்றாள்.

சென்னியப்பன் கேட்டார். அவள் மறுத்தாள். வேறு ஏதாவது கேளுங்கள் என்றாள். தண்ணீர் கேட்டார். “முடியாதுங்க.” டிவி ரிமோட் கேட்டார். “குடுக்கறதில்லீங்க.” ஞாயிற்றுக்கிழமை தன் அக்கா குடும்பம் பதினொரு பேர் சாப்பிட வருகிறார்கள் என்றார். “வேண்டாமுங்க. வர வேண்டாம்னு சொல்லுங்க.” ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. சிலது கரகரவென்றும் சிலது வழுவழுவென்றும் இருந்தது. சொல்லச் சொல்ல ஸ்டூல் கிட்டே வந்தது. கம்பெனியிலிருந்து போன் வந்தபோது சென்னியப்பன் மத்தியானம் வேலையாக இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அவருக்கும் சூடு பிடித்துவிட்டது. பெரிய பெரிய விஷயங்களாக யோசித்துக் கேட்டார். போனைக் கொடு. மாட்டேன். தலைமுடியைக் கொடு. முடியாது. உன் இடது பக்கத்தைக் கொடு, எனக்கு வேண்டும். அதெல்லாம் ஆகிற காரியமில்லை. ஒரு தடவை இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, “ம், அடுத்தது” என்று சொல்லப் பார்த்தாள். ‘ம்’ வரவில்லை. “அடுத்தது” என்றாள்.

அடுத்தது கேட்பதற்கு அவரிடம் எதுவும் மிச்சமில்லை. ஸ்டூல் இப்போது அவள் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் தன் கைகளைப் பார்த்தார். ஆயிரக்கணக்கான பனியன்களைக் கோடு பிசகாமல் வெட்டிய கைகள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கும்,” என்றார். நிறுத்தினார். “நாளைக்கும் இங்கதான இருப்ப?”

அதை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவளுக்கு அது தெரிந்தது. இதுவரை அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்கத் தேவையில்லாத கேள்வியாக இருந்தது.

பதிலுக்காக அவள் வாய் முழுவதும் தேடினாள். சுலபமான சொல் வாலட்டில் இருந்தது. தலையாட்டலும் அங்கேதான் இருந்தது. மீதியிருந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை. அவர் காத்திருந்தார். அவர் காத்திருப்பதை அவள் நன்றாகப் பார்த்தாள். மீசையில் நரை கூடியிருந்தது. ஒரு பஞ்சு நூல் ஒட்டியிருந்தது. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது என்று தோன்றியது. இதையும் இதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை, அவளும் யோசித்துப் பார்த்ததில்லை.

“பாக்கலாமுங்க,” என்றாள்.

நெஞ்சு மறுபடி படபடவென்று அடித்துக்கொண்டது.

சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

“சரி,” என்றார்.

இருபத்தாறு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் அவளிடம் சொல்லி அவள் கேட்டதில்லை. முதல் எழுத்தில் கொஞ்சம் தடுமாறினார். ஆனாலும் நன்றாகத்தான் சொன்னார்.